மில் ஊரில் பூட்டன் பெயரைத் தேடி

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு ஒரே தேடல். 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தங்கள் பெயரோ, அம்மா அப்பா பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று பார்த்தார்கள். இருபது சொச்சம் வருஷத்துக்கு முந்தைய ஒரு பெயருக்கே இத்தனை பாடு. நூறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாலை வேலைக்காக விக்கிரமசிங்கபுரம் வந்து சேர்ந்த பூட்டனின் பெயரைப் பேத்தி எங்கே போய்த் தேடுவாள்?

பொதிகை மலையடிவாரத்து இந்த ஊரை வி.கே.புரம் என்றால்தான் சுற்றுவட்டாரத்தில் சட்டென்று புரியும். 1880களில் ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி இங்கே நூற்பாலை கட்டினார்கள். காகிதத்தில் திருநெல்வேலி மில், ஊர் வாயில் ஹார்வி மில். பின்னாளில் அது மதுரா மில்ஸ் ஆகி, 1974இல் மதுரா கோட்ஸ் ஆனது. மில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்கு ஷிப்ட் மாறி, மூன்று நான்கு தலைமுறை அங்கேயே வாழ்ந்துவிட்ட குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. ஆனால் முதலில் வந்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அவருடைய அப்பா யார் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்காதா என்று தோன்றும். நியாயமான கேள்விதான். சென்னை மாகாணத்தில் 1871இலேயே தலை எண்ணினார்கள். நாடு முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணியது 1881 பிப்ரவரி 17இல். அன்றிலிருந்து ஆங்கிலேயர் ஆட்சி முடியும்வரை பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலில் வந்து நின்று பெயர், வயது, சாதி, தொழில் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். மில்லுக்கு வந்த முதல் தலைமுறையையும் கேட்டிருப்பார்கள், எழுதியிருப்பார்கள்.

எழுதியதை வைத்திருக்கவில்லை. 1901 முதல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு என்று முறை வந்தது. வீட்டு அட்டவணையில் இருந்ததைச் சீட்டில் இறக்கி, மதத்துக்கொரு நிறம் வைத்து, பெட்டிகளில் பிரித்துப் போட்டு எண்ணினார்கள். தாலுகாவுக்கு இத்தனை பேர், இன்ன தொழிலில் இத்தனை பேர் என்று கூட்டுத்தொகை அச்சேறியதும் அட்டவணைக்கும் சீட்டுக்கும் வேலை முடிந்தது. அவற்றை அழித்துவிட்டார்கள். கணக்கு மிஞ்சியது, ஆள் மிஞ்சவில்லை.

இதன் இழப்பு எவ்வளவு பெரியது என்பது பக்கத்தில் இன்னொரு நாட்டை வைத்துப் பார்த்தால் தெரியும். 1921 மார்ச் 18 அன்று இந்தியாவில் கணக்கெடுத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 19 அன்று இங்கிலாந்தில் கணக்கெடுத்தார்கள். எண்ணியது ஒரே பேரரசு. அங்கே ஆளின் பெயரோடு, அவர் யாரிடம் வேலை செய்கிறார் என்பதையும் கேட்டு எழுதினார்கள். அந்தத் தாள்களை நூறு ஆண்டுகள் மூடிவைத்து 2022 ஜனவரியில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். லங்காஷயர் நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கொள்ளுப்பேரன் இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே அவள் பெயரையும் மில்லின் பெயரையும் பார்க்கலாம். வி.கே.புரத்தை ஒட்டிய பாபநாசத்துத் தண்ணீரில் ஓடிய மில்லின் தொழிலாளிக்கு அந்த ஒரு வரி கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, எழுதப்பட்ட விவரங்களை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் கொள்ள முடியாது என்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். இறந்து அறுபது வருஷம் ஆனவருக்கு எதற்கு?

ஒரு விதிவிலக்கு உண்டு. 1951 கணக்கெடுப்பின்போது வீடுவாரியாகப் பெயர்களைப் பெயர்த்தெழுதித் தேசியக் குடிமக்கள் பதிவேடு ஒன்று தயாரித்தார்கள். அசாமில் அது பாதுகாக்கப்பட்டிருந்தது. 2015இலிருந்து அங்கே குடியுரிமைப் பட்டியலைப் புதுப்பித்தபோது, தாத்தா பெயர் அந்தப் பழைய ஏட்டில் இருந்தால் அதையும் ஆதாரமாக ஏற்றார்கள். 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19 லட்சம் பேர் விடுபட்டிருந்தார்கள். ஏட்டில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் ஏழைக்கு வெறும் பழங்கதை விஷயமல்ல.

அப்படியானால் வி.கே.புரத்துப் பேத்தி எங்கே தொடங்குவது? ஜனன மரணப் பதிவேட்டில்தான், அதிலும் மரணத்திலிருந்து. பிறந்த தேதி தெரியாத பூட்டனுக்கும், எந்த வருஷம், எந்த மாசம் போய்ச் சேர்ந்தார் என்று திதி கொடுக்கிற வீட்டில் தெரிந்திருக்கும். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு இறப்புப் பதிவுக்கு வழி செய்தது. நாடு முழுவதற்குமான 1969ஆம் ஆண்டுச் சட்டம் 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் அந்தக் காலத்தில் கர்ணமும் மணியமும் பார்த்த, இந்தப் பதிவும் அடங்கிய கிராம வேலை, 1980இல் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தபின் கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது. கிராமத்துப் பழைய ஏடுகள் சார் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். நகராட்சி எல்லைக்குள் என்றால் நகராட்சியில் கேட்க வேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். நாம் சொல்கிற ஊரும் வருவாய்த் துறை சொல்கிற கிராமமும் ஒன்றாக இருப்பதில்லை. ‘வி.கே.புரத்தில் செத்தார்’ என்று வீட்டில் சொன்னாலும் ஏடு சிவந்திபுரத்தில் இருக்கலாம். போதாக்குறைக்கு, பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்துவிட்டன.

ஏடு கிடைத்தாலும் பெயர் வம்பு செய்யும். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் அவன் பேரன், அதாவது பெயரன். ‘சொரிமுத்து, த/பெ பாபநாசம்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் அது பூட்டனா, அவருடைய பேரனா? இருவருக்கும் அதே பெயர், அதே தகப்பன் பெயர் இருக்க முடியும். வயதும் வருஷமும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லமாட்டாள். அதே பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு ராசா என்றோ துரை என்றோ கூப்பிடுவாள். ஊருக்குத் தெரிந்த பெயர் ஒன்று, ஏட்டில் ஏறிய பெயர் வேறு.

ஆனால் இந்தப் பெயர்களே வழியும் காட்டும். உலகம்மாள் என்ற பெயர் பாபநாசம் கோயில் அம்மன் பெயர். சொரிமுத்து என்றால் காரையாறு சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடும் குடும்பமாக இருக்கலாம்.

ஆச்சிகளைத் தேடுவது இன்னும் கஷ்டம். ஏட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் பெண் பெயருக்குப் பக்கத்தில் ‘க/பெ’ என்று புருஷன் பெயர் வந்ததும் அவள் பிறந்த வீடு மறைந்துவிடும். முதல் பொதுத்தேர்தலின்போது வட இந்தியாவில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்ததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆச்சியின் அப்பாவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அரசாங்க ஏட்டைவிட வீட்டுப் பரணிலுள்ள மொய் நோட்டு நல்ல துணை. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்முறை எந்த ஊரிலிருந்து வந்ததோ அதுதான் அவள் பிறந்த வீட்டு ஊராக இருக்கும்.

அதே மாதிரி இன்னொன்று, கோயில் கொடைக்கு எழுதும் தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் புதுத் தலைக்கட்டு விழும். ஒரே தெருவின் பத்து வருஷ நோட்டுகளை அடுக்கினால் யார் எப்போது தனிக்குடித்தனம் போனார், எந்த வீடு வெளியூர் போனது என்று படம் விரியும். கணக்கெடுப்பு அதிகாரிகள் தூக்கிப்போட்டதைக் கோயில் கணக்குப்பிள்ளை வைத்திருக்கிறார்.

மில் தொழிலாளிக்கென்று தனிக் காகிதமும் உண்டு. 1952இல் வந்த வருங்கால வைப்புநிதிச் சட்டத்தின் கீழ் தரப்படும் நாமினி படிவத்தில் குடும்பத்தார் பெயர், உறவுமுறை, வயது, முகவரி எல்லாம் இருக்கும். ஒரு தொழிலாளி தன் குடும்பத்தைத் தானே வரிசைப்படுத்திக் கையெழுத்தோ கைரேகையோ வைத்த ஆவணம் அது. தாத்தாவின் தகரப்பெட்டியில் கிராஜுவிட்டி கடிதத்தோடு அதன் நகல் கிடந்தால் அதைச் செல்லரிக்க விடக்கூடாது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் திருநெல்வேலித் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் கைகொடுக்கும்.

வயிற்றைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய தமிழர்களின் பெயர்கள் ஊரில் இருந்தவர்களின் பெயர்களைவிடப் பத்திரமாக இருக்கின்றன. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் எண் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதும் அதற்கொரு காரணம். இன்று டர்பனிலிருந்து கொள்ளுப்பேரன்மார் அந்தத் தாளோடு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வருகிறார்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போனவர்களுக்கு அப்படிப்பட்ட தாள் இல்லை. 1948இல் அந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டம், அப்பா இலங்கையில் பிறந்தார் என்பதற்கு, இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த எந்தப் பூட்டனுக்குச் சான்றிதழ் இருந்தது? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். இம்முறை கைப்பேசிச் செயலியில் பெயர்களைப் பதிகிறார்கள், சாதியையும் கேட்கிறார்கள். மில் தெருவில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்பது அதில் பெயரோடு ஏறும். ஆனால் 15ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. இத்தனை ஆண்டு கழிந்தால் திறந்துவிடலாம் என்று ஒரு வரி அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. நூறு ஆண்டு என்று அதில் எழுதிச் சேர்க்க நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும்.