காதுக்கேற்ற ஹெட்போன், அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் கலைந்து வெளியே வருகையில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நீங்கள் ஏதோ நல்ல ஹெட்போன் வாங்கியிருக்கிறீர்களாமே, என்ன வாங்கினீர்கள், என்ன விலை?" என்று வினவினார். அவருக்கு ஒரே வரியில் விடை கூற என்னால் இயலவில்லை. அதனைச் சரியாக வாங்குமுன் ஒருமுறை தவறாக வாங்கிப் பணத்தை இழந்தவன் நான். அந்த அனுபவம் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் மெட்ரிகுலேஷன் வரை படித்த ரயில்வே எழுத்தன். மின்னியல் பயின்றவன் அல்லன். ஆயினும் இங்கு வரும் கணக்குகள் பெருக்கலும் வகுத்தலுமே ஆதலால் எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

கரக்பூரில் எங்கள் ரயில்வே குடியிருப்பு இரண்டு அறை கொண்டது. அதில் நாங்கள் நால்வர் வாழ்கிறோம். என் தந்தையார் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிமனையில் ரிவெட் அடிக்கும் ஓசைக்கு நடுவே உழைத்து ஓய்வு பெற்றவர். நான் சிறுவனாயிருந்தபோது, இரவு உணவுக்குப்பின் டிரான்சிஸ்டரைத் திருகித் திருகிச் சென்னை வானொலியைத் தேடுவார். இரைச்சலுக்கு இடையே நாதஸ்வரம் சற்றே தலைகாட்டினாலும் போதும், அன்றைய களைப்பெல்லாம் நீங்கிவிடும் அவருக்கு. இன்று அந்தத் தேடல் இல்லை. ஆகாசவாணியின் தமிழ் நிலையங்களைக் கைப்பேசிச் செயலி வழியாக எந்த ஊரிலிருந்தும் தெளிவாகக் கேட்கலாம். ஆனால் இன்று தந்தையாரின் செவி மங்கிவிட்டது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவர்.

சென்ற ஆண்டு என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் இரவு அவள் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவில் போய் அமர்ந்தாள். அதைக் கண்ட தந்தையார் கைப்பேசியை அணைத்துவிட்டு, "எனக்கு இனிமேல் பாட்டு வேண்டாம், தம்பி; பிள்ளை படிக்கட்டும்" என்றார். அதன்பின் பத்து நாள் அவர் பாட்டே கேட்கவில்லை. அந்த மௌனம் முன்பிருந்த இரைச்சலைவிட எனக்குத் துன்பமாக இருந்தது.

பூஜைக்கு முன் எங்களுக்குக் கிடைக்கும் போனஸை நீங்கள் அறிவீர்கள். 2024-ஆம் ஆண்டில் 78 நாள் கணக்கில் அதன் உச்சவரம்பு 17,951 ரூபாய். அத்தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொண்டு கல்கத்தாவில் ஒரு கடைக்குச் சென்றேன். அங்கிருந்தவர், "ஓம் கூடக்கூடத் தரமும் கூடும், சார்" என்று சொல்லி 250 ஓம் ஹெட்போன் ஒன்றை என் கையில் வைத்தார். வீட்டில் கைப்பேசியில் பூட்டிக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. மறுவாரம் கடைக்குச் சென்று கேட்டதற்கு, "இதற்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமே!" என்று மற்றொரு பெட்டியையும் தலையில் கட்டினார். ஒதுக்கிய தொகை போக மனைவியின் சேமிப்பிலும் கை வைக்க நேர்ந்தது.

இப்போது ஒலிக்குக் குறைவில்லை. தந்தையார் குமிழை முழுவதும் திருகிவைத்துக் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கழற்றி வைத்ததும் நான் எடுத்து மாட்டினேன், அறைந்ததுபோல் இருந்தது. மறுநாளே அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பரிசோதனைத் தாளில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. பேரிரைச்சலில் நெடுநாள் உழைத்தவர்களுக்கு முதலில் கெடுவது அப்பகுதிதான் என்றும், போன செவித்திறன் மீளாது என்றும், எஞ்சியிருப்பதையேனும் காப்பாற்ற வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். தொழிற்சாலை இரைச்சலுக்கும் சங்கீதத்துக்கும் காது வேற்றுமை பாராட்டுவதில்லை. அளவு மிஞ்சினால் இரண்டும் ஒன்றே.

அன்றுதான் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதை உணர்ந்தேன். எது மிகுதியான ஒலி தரும் என்பதன்று கேள்வி. எதை அணிந்தால் குறைந்த ஒலியிலேயே நிறைவாகக் கேட்க இயலும் என்பதே கேள்வி. ஹெட்போனையும் ஆம்ப்ளிஃபயரையும் இந்த ஒரு நோக்கம் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூடியதா, திறந்ததா?

அமெரிக்காவில் நதானியல் பால்ட்வின் என்பவர் 1910-இல் கடற்படைக்கு விற்ற கருவியே இன்றைய ஹெட்போனின் முன்னோடி எனலாம். சங்கீதம் கேட்பதற்கென்று ஸ்டீரியோ ஹெட்போனை 1958-இல் அளித்தவர் ஜான் காஸ். பின்னர் 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்னும் திறந்த வகை ஹெட்போனைக் கொணர்ந்தது. அதுமுதல் இவ்விரு வகைகளும் உடன் நிலவி வருகின்றன.

திறந்த வகையில் கிண்ணத்தின் வெளிப்புறம் துளைகளாக இருக்கும். ஒலி அடைபடாமல், எதிரே அமர்ந்து பாடுவதுபோல் இயல்பாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டு வெளியே கசியும்; வெளி ஓசையும் உள்ளே நுழையும். மூடிய வகையில் இவ்விரண்டும் குறைவு. தனி அறையும் அமைதியும் வாய்த்தவர் திறந்த வகையை நாடலாம். 1997 முதல் பெயர் பெற்ற சென்ஹைசர் எச்.டி. 600 அவ்வகையைச் சேர்ந்தது. மின்விசிறி சுழல, வெளியே எஞ்சின் ஷண்டிங் செய்ய, அருகே பிள்ளை படிக்கும் நம் போன்றோர் வீட்டுக்கு மூடிய வகையே ஏற்றது. வெளி ஓசை குறைந்தால் அதனை மூழ்கடிப்பதற்காகப் பாட்டின் ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. மூடிய வகையின் முதற் பயன் இதுவே.

காது முழுவதும் கிண்ணத்துள் அடங்குகிறதா, மூக்குக்கண்ணாடி அணிந்தபோதும் மெத்தை இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். மெத்தை பொருந்தாவிடில் கனத்த ஸ்வரங்கள் வெளியேறிவிடும். எத்தனை விலை கொடுத்தும் பயனில்லை. மெத்தையும் கம்பியும் கழற்றி மாற்றக்கூடியவையாக இருப்பது சிக்கனம்.

ஓம் என்பது தரமன்று

ஓம் என்பது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடையின் அளவு, தரத்தின் அளவன்று. ஜெர்மனியின் பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ என்னும் ஒரே மாதிரி 32, 80, 250 ஓம் என மூவகையாக விற்கப்பட்டுள்ளது. இதிலிருந்தே உண்மை விளங்கும்.

வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் கிடைப்பது வாட். ஒரு கைப்பேசி அரை வோல்ட் தருவதாகக் கொள்வோம். 250 ஓம் ஹெட்போனுக்குச் சேர்வது 1 மில்லிவாட். 32 ஓம் ஹெட்போனுக்கோ ஏறத்தாழ 8 மில்லிவாட். கைப்பேசி ஒன்றே, சேரும் ஆற்றல் எட்டு மடங்கு.

இத்துடன் உணர்திறன் என்னும் மற்றோர் எண்ணையும் பெட்டியின்மீது பார்க்க வேண்டும். 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் ஒலி பிறக்கும் என்பதே அது. ஆற்றல் இரு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். எடுத்துக்காட்டாக, ஆடியோ டெக்னிகா ஏ.டி.எச். எம்50எக்ஸ் என்னும் மூடிய ஹெட்போன் 38 ஓம், 99 டெசிபல் கொண்டது. அரை வோல்ட்டில் அதற்கு ஆறரை மில்லிவாட் கிடைக்கும். உச்ச ஒலி 107 டெசிபலை எட்டும். நாள்தோறும் கேட்பதற்கு அதில் பாதியும் வேண்டுவதில்லை. இத்தகைய ஹெட்போனுக்கு ஒலி போதாது என்று ஆம்ப்ளிஃபயர் வாங்குவது, ஒற்றைப் பெட்டியை இழுக்க இரண்டு எஞ்சின் பூட்டுவதற்கு ஒப்பாகும். ஓம் மிகுந்ததும் உணர்திறன் குறைந்ததுமான ஹெட்போனுக்கே தனி ஆம்ப்ளிஃபயர் இன்றியமையாதது.

ஆம்ப்ளிஃபயரில் பார்க்க வேண்டியவை

தேவை என்று முடிவு செய்தால் விளம்பரத்தில் உள்ள பெரிய வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை. அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது வழங்கிவரும் விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரையில் இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் பல ஹெட்போன்களில் கனத்த ஸ்வரங்கள் உப்பிப்போய்ப் பாட்டின் நிறமே மாறும்.

இரண்டாவது, பெருக்கத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு சுவிட்ச். பெருக்கம் மிகுந்தால் குமிழைச் சற்றே திருகியதும் ஒலி பாயும். குமிழின் தொடக்கப் பகுதியில் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் ஒலி சமமின்றி வருவதும் உண்டு. குறைந்த பெருக்கத்தில் வைத்தால் குமிழின் நடுப்பகுதியைப் பயன்படுத்தலாம். மெல்லிய மாற்றமும் கைக்கு அடங்கும்.

மூன்றாவது, கைப்பேசியுடன் இணைக்கும் வழி. 2016-க்குப்பின் பல கைப்பேசிகளில் ஹெட்போன் துளையே இல்லாமற் போயிற்று. ஆதலால் யு.எஸ்.பி. கம்பி வழியே எண்வடிவ ஒலியை வாங்கி மின்னலையாக மாற்றும் கருவியும் ஆம்ப்ளிஃபயருடன் ஒன்றாக அமைந்திருப்பது நலம். விரலளவேயான சிறிய கருவிகளும் உள்ளன. குறைந்த ஓம் ஹெட்போனுக்கு அவையே போதும். கம்பியில்லாத ப்ளூடூத் ஹெட்போன் வாங்குவோருக்கு இக்கவலை இல்லை. மாற்றியும் ஆம்ப்ளிஃபயரும் அதனுள்ளேயே அடங்கியுள்ளன. ஆனால் உள்ளிருக்கும் மின்கலத்தின் ஆயுளே அதன் ஆயுள் என்பதை மறத்தலாகாது.

கடையில் சோதிக்கும் முறை

கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் செவிக்கு நன்கு பழகிய மூன்று பாட்டுகளைக் கொண்டு செல்லுங்கள். ஒன்றில் தம்பூரா கேட்க வேண்டும். குதிரைமேல் நூல் வைத்துச் சுருதி சேர்த்த தம்பூராவில் ஒரு தந்தியிலிருந்தே பல ஸ்வரங்கள் இழையோடும். சர் சி. வி. இராமன் கல்கத்தாவில் இருந்தபோது, 1921-இல் வீணை, தம்பூரா ஆகியவற்றின் வளைந்த குதிரையைப் பற்றியும், அதற்கு முந்திய ஆண்டில் மிருதங்கத்தைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். அவர் ஆராய்ந்த அதே நுட்பங்களே நமக்குச் சோதனைக் கற்கள். தம்பூராவின் இழைகள் தனித்தனியே கேட்கின்றனவா? மிருதங்கத்தின் வலந்தலை கணீரென்றும், தொப்பி கும்மென்று ஒலித்து உடனே ஓய்ந்தும் கேட்கின்றனவா? தொப்பியின் ஓசை இழுபட்டுப் பாடகரின் குரலை மறைத்தால் அந்த ஹெட்போனைக் கீழே வைத்துவிடலாம்.

மூன்றாவது பாட்டு பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கீச்சு ஸ்வரங்களை மிகைப்படுத்தும் ஹெட்போன், பாட்டை விட்டுத் தட்டின் இரைச்சலையே முன்னே நிறுத்தும். நம் வீடுகளில் பழைய பாட்டுகளே மிகுதியாகக் கேட்கப்படுவதால் இச்சோதனை இன்றியமையாதது. சோதிக்கையில் ஒலியைத் தாழ்த்தியே கேளுங்கள். மெல்லிய ஒலியிலும் சாகித்தியத்தின் சொற்கள் தெளிவாக விளங்கும் ஹெட்போனே நமக்கு உரியது.

எவ்வளவு நேரம், எவ்வளவு ஒலி?

உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரமே. சிறுவர்களுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகக் குறைகிறது என்று நினைவில் வைத்தால் போதும். அமைதியான அறையில் ஒலியின் அளவை அமைத்துக்கொண்டு, பின்னர் இரைச்சல் வந்தாலும் குமிழைத் தொடாதிருப்பது நல்ல வழக்கம்.

நிற்க. எங்கள் வீட்டில் முடிந்தது இதுதான். 250 ஓம் ஹெட்போனை, தனி அறையும் நல்ல ஆம்ப்ளிஃபயரும் உடைய அலுவலக நண்பர் ஒருவர், உண்மையெல்லாம் அறிந்தே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில், மூடிய வகையில் 38 ஓம் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரையும் விற்றுவிட எண்ணினேன், தந்தையார் தடுத்தார். கைப்பேசித் திரையில் அவர் விரல் நிலைப்பதில்லை. உருண்டைக் குமிழ் ஒன்று இருந்தால் டிரான்சிஸ்டரைத் திருகிய கை அதனை அறிந்துகொள்ளும் என்றார். வெளியீட்டுத் தடையும் இந்த ஹெட்போனுக்குப் பொருந்தியே இருந்தது. ஆற்றலுக்காக வாங்கிய கருவி அளவை அடக்குவதற்குப் பயன்படுகிறது. பெருக்கத்தைக் குறைத்து வைத்தோம். கைப்பேசியின் ஒலியளவையும் ஒரே நிலையில் நிறுத்தினோம். என் மகள் நகப்பூச்சினால் குமிழின் அருகே ஒரு சிவப்புப் புள்ளி இட்டு, "இதற்குமேல் போகக்கூடாது, தாத்தா" என்று சொல்லிவிட்டாள்.

ஹெட்போன் செவித்துணைக் கருவி ஆகிவிடாது. மருத்துவர் பரிந்துரைத்த கருவியைத் தந்தையார் பகலில் அணிகிறார். இரவு எட்டரைக்கு அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஹெட்போன் அணிகிறார். முன்பு கேட்ட சில நுட்பங்கள் இப்போது இல்லை என்று அவரே சொல்கிறார். "இருப்பது போதும்" என்றும் சொல்கிறார். அதே அறையில், மூன்றடி தள்ளி, மகள் படிக்கிறாள்.

முதியோர் உள்ள வீட்டில் ஒலி கூடிக்கொண்டே போனால் அவர்மீது சினம் கொள்ளாமல் முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள். பிறகு ஹெட்போன் வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்பதை, கடைக்காரர் சொல்லுக்கு முன், பெட்டியின்மீதுள்ள இரண்டு எண்களைக் கொண்டு நீங்களே கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.