ஒரு களஞ்சியமும் இரு வழிகளும்

நிந்தவூரிலிருந்து அம்பாறைக்குச் செல்வோர்க்கு வழிகள் இரண்டு உள. வடக்கே காரைதீவை அடைந்து சம்மாந்துறை ஊடாக மேற்கே செல்வது ஒன்று. தெற்கே அக்கரைப்பற்றை அடைந்து அங்கிருந்து மேற்கே செல்வது மற்றொன்று. ஒன்று வெள்ளத்தால் அடைபடின் மற்றையது உதவும். கணினி நிலையங்களிற் 'பல்வழி அணுகல்' என வழங்கும் ஏற்பாட்டிற்கு அடிப்படையும் இதுவேயாம்.

ஒரு கணினியினுள்ளே பல மெய்நிகர்க் கணினிகளை இயக்கும் முறை புதிதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே விஎம்/370 என்பதனை அறிவித்தது. இன்று இம்முறை எங்கும் பரவியுள்ளது. மெய்நிகர்க் கணினிகளின் தரவுகள் அவற்றை இயக்கும் சேவையகத்துள் இராது, தனித்ததொரு வன்தட்டுக் களஞ்சியத்தில் இருப்பின், ஒரு சேவையகம் பழுதுற்றவிடத்தும் பிறிதொன்று அவற்றை ஏற்று இயக்கலாம். ஆயின், சேவையகத்தையும் களஞ்சியத்தையும் இணைப்பது ஒரே கம்பியாயின், அஃது அறுந்தபொழுதே அனைத்தும் நின்றுவிடும்.

ஆதலின், சேவையகத்தில் இரு இணைப்பு அட்டைகளும், இடையில் இரு சுவிச்சுகளும், களஞ்சியத்தில் இரு கட்டுப்படுத்திகளும் அமைப்பர். ஒளியிழை வழியாகச் செல்லும் பைபர் சனல் முறையாயினும், சாதாரண ஈதர்நெற் வலையமைப்பிற் செல்லும் ஐஸ்கசி முறையாயினும் விதி ஒன்றே.

இங்கே ஓர் ஐயம் எழும். இரு வழியாலும் அம்பாறையை அடைந்த அயலான் ஒருவன், அம்பாறைகள் இரண்டு உளவென மயங்கலாமன்றோ? சேவையகமும் அவ்வாறே மயங்கி, ஒரு வட்டினை இரண்டெனக் கொள்ளும். இரு வழியாலும் வேறுவேறாக எழுதின் தரவு சிதைவுறவுங் கூடும். வட்டின் தனி அடையாள எண்ணைப் படித்து, இரண்டும் ஒன்றேயென உணர்த்துவது பல்வழி மென்பொருளின் முதற் பணியாம்.

வழியைத் தெரிவு செய்தல் அதன் அடுத்த பணி. குறித்த ஒரு வழியையே விரும்பிக் கொண்டு, அது பழுதுற்றால் மட்டும் மாறுதல். மாறியபின் புதிய வழியிலேயே நிலைத்தல். வழிகளை முறைமுறையாகப் பயன்படுத்தல் என மூவகை உண்டு. விஎம்வெயாரின் இயல்பான அமைப்பில், மூன்றாம் வகையில் 1000 வேண்டுகோள்களுக்கு ஒருமுறை வழி மாறும். களஞ்சியத்தை ஆக்கியோர் பரிந்துரைக்கும் வகையைக் கொள்வதே தக்கது.

இரு வழிகளும் ஒரே பாலத்தைக் கடப்பின் அவை இரண்டாகா. இரு கம்பிகளும் ஒரே சுவிச்சிற் சேரினும், இரு சுவிச்சுகளும் ஒரே மின்னிணைப்பில் இயங்கினும் குறை அதுவே. பணி தொடங்குமுன் ஒரு கம்பியைக் கழற்றி, வேலை தடையின்றி நடக்கின்றதா என நோக்குதல் வேண்டும்.

எனினும், வழி வேறு, பிரதி வேறு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியது. பொருள் இருந்த இடமே அழிந்தபின், அதற்குச் செல்லும் வழிகள் எத்தனை இருந்தென்ன? தவறுதலாக அழிக்குமாறு இடும் கட்டளையையும் இரு வழிகளும் பழுதின்றியே கொண்டு சேர்க்கும். மாணவர் பெறுபேறுகளையும் நோயாளர் பதிவுகளையும் காக்க விழைவோர், கடலினின்று விலகிய பிறிதோர் ஊரில் அவற்றின் பிரதியொன்றையும் வைத்தல் கடனாம்.