ஐ.சி.யூ மருந்து விற்கிற வேலை... போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கிளினிக் வராந்தாவில் டோக்கனோட ஒரு மணி நேரமா காத்திருப்பீங்க. கறுப்புப் பையோட ஒருத்தர் வருவார், நர்ஸைப் பார்த்துத் தலையாட்டுவார், நேரா உள்ளே போயிடுவார். 'யார்றா இவரு'ன்னு கடுப்பாகியிருப்பீங்க. அவர்தான் மெடிக்கல் ரெப். பி.எஸ்ஸி, பி.ஃபார்ம் முடிச்ச பலருக்கு முதல் வேலையே இதுதான். அடுத்த வருஷம் அந்தப் பை உங்க தோளிலும் தொங்கலாம்.

இதிலேயே இன்னொரு பிரிவு இருக்கு. ஐ.சி.யூ-வில் போடும் ஆன்டிபயாடிக் ஊசிகள், புற்றுநோய் மருந்துகள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிகள் என பெரிய ஆஸ்பத்திரிகளுக்கான மருந்துகளை மட்டும் விற்பது. கம்பெனிகளில் 'கிரிட்டிகல் கேர்', 'ஆன்காலஜி' என்று சொல்வார்கள். இருமல் சிரப் விற்பவர்களுக்கே இந்தப் பிரிவு மேல ஒரு கண் இருக்கும்.

சாதாரண ரெப் ஒரு நாளைக்குப் பத்து டாக்டர்களையாவது பார்க்கணும். ஆளுக்கு ரெண்டு நிமிஷம். டாக்டர் எழுதிக்கொடுத்தால் தெருமுனை மெடிக்கலில் மருந்து நகரும். இங்கே அப்படி இல்லை. ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு மருந்துப் பட்டியல் இருக்கும். அதில் உங்க மருந்து ஏறணும்னா டாக்டர்கள், ஃபார்மசிஸ்ட் எல்லாம் இருக்கிற குழு ஓகே சொல்லணும். அப்புறம் பர்ச்சேஸ் மேனேஜர், அப்புறம் ஸ்டாக்கிஸ்ட். டாக்டர் 'நல்ல மருந்துப்பா'ன்னு சொன்ன அன்னிக்கே நண்பர்களுக்கு ட்ரீட் வெச்சுடாதீங்க. முதல் பில் விழ மாசக்கணக்கில் ஆகலாம்.

பர்ச்சேஸ் மேனேஜர் மருந்தின் மகிமையை எல்லாம் கேட்க மாட்டார். 'ரேட் என்ன?' அவ்வளவுதான். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கும். ஆஸ்பத்திரி வாங்கும் விலைக்கும் நோயாளியின் பில்லில் ஏறும் எம்.ஆர்.பி-க்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கலாம். புற்றுநோய் மருந்துகளில் இது எல்லை மீறிப்போனதால், 2019 பிப்ரவரியில் 42 மருந்துகளுக்கு 30 சதவிகிதம்தான் வியாபார லாபம் என மத்திய அரசு வரம்பு வைத்தது. அரசு ஆஸ்பத்திரி கதையே வேறு. தமிழ்நாட்டில் 1994-ல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், பிராண்ட் பெயரைப் பார்க்காமல் டெண்டரில் மொத்தமாக வாங்குகிறது. அங்கே உங்க பேச்சுத் திறமைக்குப் பெரிசா வேலையில்லை.

மருந்து ஆஸ்பத்திரிக்குள் போனபிறகும் உங்க வேலை முடியாது. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். உறைந்தும் போகக் கூடாது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் மருந்தோடு ஒட்டி இருந்தால்கூட ஆபத்துதான். சனிக்கிழமை ராத்திரி 'ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை காலையில ஊசி போடணும்'னு ஃபார்மசியிலிருந்து போன் வரும். ஸ்டாக்கிஸ்டை எழுப்புவது நீங்கதான். எனக்குக் கேட்டால், இந்த வேலையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்றால் அது இந்த மாதிரி ராத்திரிகளுக்குத்தான்.

இப்போ சங்கடமான விஷயம். ஐ.சி.யூ ஆன்டிபயாடிக்குகளை நிறைய விற்பது நல்லதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது: வழக்கமாகப் பயன்படுத்துபவை, கவனமாகப் பயன்படுத்த வேண்டியவை, கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைக்க வேண்டியவை. மெரோபெனம் இரண்டாவது வகை. கொலிஸ்டின் மூன்றாவது. கண்டபடி போட்டால் கிருமிகள் பழகிவிடும். அப்புறம் உண்மையிலேயே தேவைப்படும் நோயாளிக்கு எதுவும் மிஞ்சாது.

மாசம் 28-ம் தேதின்னு வைங்க. டார்கெட்டுக்கு இன்னும் 40 வயல் பாக்கி. மேனேஜர் வாட்ஸ்அப்பில் கேள்விக்குறியா அனுப்பிட்டிருக்கார். அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளிக்கு கல்ச்சர் ரிப்போர்ட் வருது. எளிமையான மருந்தே போதும் என்கிறது. 'சார், இன்னும் மூணு நாள் மெரோபெனமே போகட்டுமே'ன்னு நீங்க ஒரு வரி சொன்னா யாருக்கும் தெரியப்போறதில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லாம இருக்கிறதுக்கு எந்த ட்ரெய்னிங்கும் தர மாட்டாங்க. இதுக்கு நேரெதிரா, 'சிறுநீரகம் பாதிச்சவங்களுக்கு டோஸ் குறைக்கணும் சார்'னு நீங்களே ஞாபகப்படுத்தலாம். நாலு வயல் குறையும். ஆனா அடுத்த முறை அந்த டாக்டர் உங்களை ரெண்டு நிமிஷத்தில் அனுப்ப மாட்டார்.

கிஃப்ட் கொடுத்துக் காரியம் சாதிக்கலாம்னு யாராவது சொல்லிக்கொடுத்தா, அதுக்கும் இப்போ விதி இருக்கு. 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த யூ.சி.பி.எம்.பி நெறிமுறைப்படி டாக்டருக்கோ குடும்பத்துக்கோ பரிசு கூடாது. சாம்பிளுக்குக்கூடக் கணக்கு உண்டு: ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருஷத்துக்கு 12 பேக் வரைக்கும்தான். விளக்கம் இல்லாமல் 'பாதுகாப்பான மருந்து'ன்னு மொட்டையா சொல்லவும் கூடாது. டாக்டரைப் பார்க்கக் காசு கொடுப்பதும் தப்பு. நீங்க செய்யும் தப்புக்குக் கம்பெனியும் பொறுப்பு. ஆனா புகார் வந்தா முதல்ல கைகழுவப்படுவது யார்னு யோசிச்சுக்கோங்க.

இன்டர்வியூவில் சம்பளத்தோட சேர்த்து மூணு விஷயம் கேளுங்க. டார்கெட்டை யார், எதை வெச்சு முடிவு பண்றாங்க? இன்சென்டிவ் வயல் எண்ணிக்கையை மட்டும் வெச்சா? எக்ஸ்பைரி ஆன சரக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினா, அந்தத் தொகையை யார் தலையில் கட்டுவாங்க? நியமனக் கடிதத்தைக் கையில் வாங்காம பையைத் தூக்காதீங்க. விற்பனைப் பிரதிநிதிகளுக்காக 1976-ல் வந்த தனிச்சட்டமே அதைக் கட்டாயமாக்கியது.