மன அழுத்தம் குறைய ஒரு நூலும் ஒரு துணையும்

மன அழுத்தம் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு வழிகளே நினைவுக்கு வருகின்றன. ஒன்று, தானாகச் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொள்வது. மற்றொன்று, முற்றிய பிறகு மருத்துவரைத் தேடுவது. இவற்றுக்கு இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே வழிகாட்டுதலுடன் கூடிய சுய உதவி.

அது என்ன?

உளவியல் சிகிச்சையில் கற்றுத்தரப்படும் திறன்களை ஒரு நூல், ஒலிப்பதிவு அல்லது இணையவழிப் பாடம் மூலம் நாமே படிப்படியாகப் பழகுவது சுய உதவி. அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் சிறிது நேரம் நம்முடன் பேசி, பயிற்சியைச் செய்ய முடிந்ததா, எங்கே தடைபட்டது என்று கேட்டு ஊக்குவிப்பது வழிகாட்டுதல்.

ஆசிரியருக்கு இது புதிதன்று. பயிற்சி நூலைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் மாணவர் கற்றுவிடுவதில்லை; திருத்திப் பார்க்கவும் தட்டிக்கொடுக்கவும் ஒருவர் வேண்டும். பெரியவர்களும் அப்படித்தான். தனியே தொடங்குவோரில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கேட்க ஒருவர் இருந்தால் தொடர்வோர் எண்ணிக்கை கூடுகிறது. இங்கிலாந்தில் தீவிரமில்லாத மனச்சோர்வுக்கு முதற்கட்ட உதவிகளில் ஒன்றாக இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது.

உகாண்டாவில் கிடைத்த சான்று

உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘செல்ஃப் ஹெல்ப் பிளஸ்’ இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உகாண்டாவின் ரைனோ முகாமில் வாழ்ந்த தென் சூடான் அகதிப் பெண்கள் 694 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. பயிற்சிக் குழுவினர் வாரம் ஒருமுறை கூடி, 5 அமர்வுகளில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயிற்சி செய்தனர். கையில் ஒரு படநூலும் இருந்தது. அமர்வுகளை நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர்; குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள். 3 மாதங்களுக்குப் பின்னரும் இக்குழுவினரின் மனவேதனை மற்றக் குழுவினருடையதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால், பயிற்சி முடிந்தவுடன் காணப்பட்ட அளவுக்கு அப்போது பலன் இல்லை. எனவே, திறன்களைக் கற்றால் மட்டும் போதாது. தொடர்ந்து பழகவும் வேண்டும்.

ஐந்து திறன்கள்

அதே திறன்களைப் படங்களுடன் விளக்கும் நூலொன்றை அந்நிறுவனம் 2020-இல் இலவசமாக வெளியிட்டது. அதன் சாரம் இது:

1. நிலைகொள்ளுதல்: கோபமோ பதற்றமோ எழும்போது பாதங்களைத் தரையில் மெல்ல அழுத்துங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் கவனித்து, செய்துகொண்டிருக்கும் வேலைக்கு மனத்தைத் திருப்புங்கள். இரு பாடவேளைகளுக்கு இடையே ஒரு நிமிடம் போதும்.

2. கொக்கியிலிருந்து விடுபடுதல்: ‘தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் எல்லோரும் என்னைத்தான் சொல்வார்கள்’ என்ற எண்ணம் தூண்டில் கொக்கிபோல் நம்மை இழுக்கும். அதனுடன் வாதாட வேண்டாம். ‘இப்படி ஓர் எண்ணம் வருவதைக் கவனிக்கிறேன்’ என்று மனத்துக்குள் பெயரிட்டுச் சொல்லுங்கள். எண்ணம் மறையாமல் இருக்கலாம். அதன் பிடி தளரும்.

3. விழுமியங்களின்படி நடத்தல்: எப்படிப்பட்ட ஆசிரியராக, எப்படிப்பட்ட தாயாக அல்லது தந்தையாக இருக்க விரும்புகிறீர்கள்? அதற்கேற்ற மிகச் சிறிய செயல் ஒன்றை இந்த வாரத்துக்குத் தேர்ந்தெடுங்கள். தயங்கி நிற்கும் ஒரு மாணவரிடம் நாள்தோறும் இரண்டு நிமிடம் பேசுவதும் அத்தகைய செயலே.

4. அன்பு காட்டுதல்: தவறு செய்த மாணவரைத் தேற்றும் அதே சொற்களை உங்களிடமும் பேசுங்கள்.

5. இடம் கொடுத்தல்: துயரத்தை விரட்ட முயலும்போது அது வலுக்கிறது. வானம் எல்லா வானிலைக்கும் இடம் தருவதுபோல, அது வந்து போக இடம் கொடுங்கள்.

சூழலையும் பார்க்க வேண்டும்

எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளச் சொல்வது இம்முறையின் நோக்கமன்று. கடினமான சூழலில் விலக முடியுமா, மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்று பிரித்துப் பார்க்கவும் அது கற்றுத்தருகிறது. பணிகள் ஒருவர்மீதே குவிந்தால், தலைமையாசிரியரிடம் பேசிப் பகிர்ந்துகொள்வதே சரியான தீர்வு. மூச்சுப் பயிற்சி அதற்கு மாற்றாகாது.

எப்போது போதாது?

தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, அன்றாட வேலையே தடைபட்டாலோ மருத்துவரை அணுக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மனாஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

தொடங்குவது எப்படி?

வாரத்துக்கு ஒரு திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் பழகி, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். பயிற்சி பெற்ற வழிகாட்டி கிடைக்காத இடத்தில், நம்பிக்கைக்குரிய சக ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை ‘இந்த வாரம் செய்தீர்களா?’ என்று கேட்கலாம். அவர் சிகிச்சை அளிக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டால் போதும். அடுத்த வாரம் அதே கேள்வியை நீங்கள் அவரிடம் கேளுங்கள்.