ஒரே எஃகு, இருவகைக் குழாய்: உயர்வெப்ப ஆலைகளில் கலப்பெஃகின் பயன்பாடு

ஆங்கிலத் தொழில்வழக்கில் பைப், டியூப் என வேறுபடுத்தப்படுவன இரண்டும் தமிழில் குழாய் என்னும் ஒரே சொல்லுள் அடங்குகின்றன. அன்றாட வழக்கில் இதனால் இடர் இல்லை. அனல் மின்நிலையத்திலோ இவ்வேறுபாடு உயிர்காப்புத் தொடர்பானது. டியூப், உலையின் வெப்பத்தை ஏற்று உள்ளே ஓடும் நீருக்கோ நீராவிக்கோ அளிப்பது. பைப், அந்நீராவியைச் சுழலிக்குக் கொண்டுசெல்வது. முன்னதை வெப்பமாற்றுக் குழாய் என்றும் பின்னதைக் கடத்துகுழாய் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. அமெரிக்கத் தரவரைவுகளில் ஒரே எஃகு டி91, பி91 என இரு பெயர் பெறுவதும் இவ்வேறுபாடு கருதியே.

இவ்வெஃகு 1970களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில், வேக ஈனுலைகளின் தேவையை முன்னிட்டு உருவாக்கப்பட்டது. பின்னர் அனல் மின்நிலையங்களிலும் பரவியது. இதில் ஏறத்தாழ 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும், மிகச் சிறிதளவு வனேடியம், நையோபியம், நைட்ரசன் ஆகியனவும் உள்ளன. குரோமியம் உயர்வெப்பத்தில் ஆக்சைடு படர்வதை மட்டுப்படுத்துகிறது. ஏனையவை, இடையறாத அழுத்தத்தின்கீழ் எஃகு ஆண்டுக்கணக்கில் மெல்ல நீளும் ‘ஊர்தல்’ என்னும் விளைவைத் தடுக்கத் துணைபுரிகின்றன. இதனால் கடத்துகுழாயின் சுவரை, இரண்டேகால் விழுக்காட்டுக் குரோமிய எஃகினும் மெலிதாக அமைக்க இயலும். மெல்லிய சுவரின் இருபுறமும் விரைவில் ஒத்த வெப்பநிலையை அடைவதால், ஆலையை அடிக்கடி நிறுத்தி இயக்கும்போது எழும் வெப்பத் தகைவும் குறைகிறது.

ஆயினும் இவ்வலிமை சேர்மானத்தால் மட்டும் அமைவதன்று. எஃகை ஏறத்தாழ 1050 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு, பின்னர் 730 முதல் 780 பாகை வரையில் பதனிட்டால்தான் உரிய நுண்ணமைப்பு கிட்டும். களத்தில் வளைக்கும்போதோ பற்றவைத்தபின் பதனிடும்போதோ வெப்பநிலை தவறினால், வேதிப்பகுப்பில் குறை ஏதும் தோன்றாது, குழாயோ வலுவிழந்திருக்கும். எனவே, சான்றிதழை மட்டும் நம்பாது, நிறுவிய இடத்திலேயே கடினத்தன்மையைச் சோதிப்பது இன்றியமையாதது. முறையாகப் பற்றவைத்த இணைப்பிலும், அதனை ஒட்டிய ஒரு குறுகிய பட்டை மூல எஃகினும் நலிந்தே இருக்கும். ‘நான்காம் வகை விரிசல்’ அங்கே, பெரும்பாலும் சுவரின் உள்ளே, கண்ணுக்குப் புலனாகாமல் தொடங்குகிறது.

இவ்வெஃகு தன் முதல் நோக்கத்திற்கே பயன்படும் இடங்களுள் ஒன்று கல்பாக்கம். அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவியாக்கிகளில் 23 மீட்டர் நீள வெப்பமாற்றுக் குழாய்கள் அமைந்துள்ளன. வெளியே உருகிய சோடியம், உள்ளே நீர். இடையே சில மில்லிமீட்டர் எஃகு மட்டுமே. சிறு துளை விழுந்தாலும் இரண்டும் வினைபுரிந்து வெப்பத்தையும் ஐதரசனையும் எரிசோடாவையும் தோற்றுவித்து, அண்டைக் குழாய்களையும் அரிக்கும். குழாய்களை நீளமாக்கியதன் நோக்கங்களுள் ஒன்று, பற்றவைப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதாகும்.

அனல் மின்நிலையத்தில் வெப்பமாற்றுக் குழாய் வெடித்தால் நீராவி பெரும்பாலும் உலைக்குள்ளேயே அடங்கும். கடத்துகுழாய் வெடித்தால் பணியாளர் நடமாடும் இடத்தில் பாயும். எனவே, தமிழில் எழுதப்படும் தொழிற்கல்வி நூல்களும் பாதுகாப்புக் கையேடுகளும் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயரால் சுட்டுதல் வேண்டும். எக்குழாயைச் சோதிப்பது என்னும் ஐயம் பணியாளருக்கு எழாதவாறு காப்பதே கலைச்சொல்லின் முதற்கடன்.