சாமான்யருக்கு ஒரு கம்ப்யூட்டர்

ஒருவருடைய முயற்சி தோற்றுவிட்டால், அவர் செய்த நன்மையையும் அத்தோல்வியோடு சேர்த்துப் புதைத்துவிடுவது உலக வழக்கம். ஆடம் ஆஸ்போர்னுக்கு நேர்ந்தது இதுவே. புதிய யந்திரத்தை அகாலத்தில் அறிவித்து, கையிலுள்ள யந்திரத்தின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்று வியாபாரிகள் பெயரிட்டார்கள். அம்மனிதரைப்பற்றி நாம் அறியவேண்டியது இவ்வளவுதானா?

அவர் 1939-ம் வருஷம் பாங்காக்கில் பிறந்த ஆங்கிலேயர். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ஸ்ரீ ரமண மகரிஷியின் சரித்திரத்தை எழுதியவர். ஆகவே ஆடமின் பிள்ளைப்பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. பின்னர் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ரசாயன எஞ்சினீயரிங் கற்று, அமெரிக்காவில் டெலாவேர் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். எழுபதுகளில், சிறு கம்ப்யூட்டர்களைப்பற்றித் தெளிவான நூல்களை எழுதித் தாமே பிரசுரித்தார்.

அக்காலத்தில் யந்திரத்துக்கு ஒரு விலை, அதை இயக்கும் புரோகிராம்களுக்கு வேறு விலை. சாமான்யர் அதை எட்டுவது எங்ஙனம்? லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற எஞ்சினீயரைக்கொண்டு ஆஸ்போர்ன் ஒரு யந்திரம் செய்வித்தார். 1981 ஏப்ரலில் வெளிவந்த ‘ஆஸ்போர்ன்-1’ சுமார் 11 கிலோ எடையுள்ளது. பெட்டியைப்போல் தூக்கிச் செல்லத்தக்கது. திரை 5 அங்குலமே. ஆனால் 1,795 டாலர் விலையில், கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய புரோகிராம்களும் அடங்கியிருந்தன. ஆடம்பரம் வேண்டா, போதுமானதே போதும் என்பது அவர் கொள்கை. ஜனங்கள் அதை ஆவலுடன் வாங்கினார்கள்.

1983 செப்டம்பரில் கம்பெனி திவாலாயிற்று. அவசர அறிவிப்பை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. கேப்ரோ யந்திரத்தின் பெரிய திரையும், ஐ.பி.எம். கம்பெனியின் செல்வாக்கும் அதனை நெருக்கின.

அவர் தளரவில்லை. புரோகிராம்களைப் புத்தகம்போல் மலிவாக விற்க 1984-ல் மற்றொரு கம்பெனி தொடங்கினார். லோட்டஸ் கம்பெனி பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. 1990-ல் தீர்ப்பு அவர் கம்பெனிக்கு எதிராயிற்று. ஆனால் அதே லோட்டஸ், போர்லாண்ட் கம்பெனிமீது தொடுத்த வழக்கில், கட்டளை வரிசைக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லையென்று 1995-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆஸ்போர்னுக்கு அந்த நியாயம் காலங்கடந்தே வந்தது. நோயுற்று இந்தியா திரும்பியிருந்த அவர், 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார்.

அறிவுக்கருவி சிலர் கையில் மட்டும் இருக்குமாயின், அதனால் வரும் பலமும் அச்சிலருக்கே. அதைப் பலர் கைக்குக் கொண்டுசெல்ல இருமுறை முயன்று, இருமுறையும் வீழ்ந்தவர் ஆஸ்போர்ன். வீழ்ந்தது அவர் கம்பெனி, அவர் கொள்கையன்று.