குளிரைத் தாங்கும் மரமும் குளிரை வேண்டும் மரமும்

புலம்பெயர்ந்த எமது எழுத்துகளில் குளிர் என்றாலே அது எதிரிதான். பாரிஸிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருந்து வந்த கவிதைகளில் பனி பெய்துகொண்டே இருக்கிறது; இலையுதிர்ந்த மரம் அகதியின் உருவகமாகி நிற்கிறது. வெண்பனி அபூர்வமாகிவிட்ட மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருந்து எழுதும் நாமும் அதே மரத்தை இரவல் வாங்கிக்கொண்டோம். அந்த மரத்துக்குக் குளிர் உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தாவரவியலிடம் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஐரோப்பிய பீச் மரத்தை எடுத்துக்கொள்வோம். இது பீச் பழம் தரும் மரமல்ல. ஓக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுமரம். கிளைகள் நிலத்தை நோக்கித் தொங்கும் ஒரு வகை இதில் உண்டு. ஆங்கிலேயர் அதனை 'அழும் பீச்' என்பர். பூங்காக்களில் அழகுக்காக நடப்படும் இவ்வகை விதையிலிருந்து நிச்சயமாகக் கிடைப்பதில்லை. சாதாரண பீச் கன்றின்மேல் ஒட்டியே பெருக்குவார்கள். பெல்ஜியத்திலிருந்து கொண்டுவரப்பட்டு 1847இல் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் நடப்பட்ட ஒன்று, 1966இல் அந்நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 150 நியூயோர்க் குளிர்காலங்களைக் கண்டபின் 1998இல் பட்டுப்போனது.

தாவரங்களின் குளிர் தாங்குதிறனை அளவிட, ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1960இல் ஒரு வலய வரைபடத்தை வெளியிட்டது. ஓரிடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் ஆகக்குறைந்த வெப்பநிலைகளின் சராசரியே அதன் அடிப்படை. பீச் மரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 4 முதல் 7 வரையான வலயங்கள். 4ஆம் வலயத்தின் கீழெல்லை பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 34 பாகை செல்சியஸ். மெல்பேர்ண் நகரில் பதிவான ஆகக்கடுங்குளிரோ, 1869 யூலை 21இல் பூச்சியத்துக்குக் கீழே 2.8 பாகைதான். சிட்னியின் வானாய்வுக் குன்றில் 1932 யூன் 22இல் பதிவானது பூச்சியத்துக்கு மேலே 2.1 பாகை. அப்படியானால் இந்நகரங்களின் குளிர் பீச் மரத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. எனினும் அது இங்கு எளிதில் செழிப்பதில்லை. மசிடன் மலை, டண்டினோங் மலைத்தொடர், நீலமலையின் மவுண்ட் வில்சன் போன்ற குளிர்ந்த மேட்டுநிலத் தோட்டங்களிலேயே ஐரோப்பிய பீச் நன்றாக வளர்கிறது. ஏன்?

முதலில், குளிர் தாங்குதிறன் மரத்திடம் எந்நேரமும் இருக்கும் குணமல்ல. அது ஆண்டுதோறும் புதிதாகப் பெறப்படுவது. நடுக்குளிர்காலத்தில் இருபது பாகைக்கு மேற்பட்ட உறைகுளிரைத் தாங்கும் அதே மரத்தின் வசந்தகாலத் தளிர், பூச்சியத்துக்குக் கீழே ஒருசில பாகைகளிலேயே கருகிவிடும். பகல் குறுகுவதை உணர்ந்ததும் மரம் வளர்ச்சியை நிறுத்தி அரும்புகளை மூடுகிறது. பின்னர் படிப்படியாக வரும் குளிரில் மாப்பொருள் வெல்லமாக மாறுகிறது. கலமென்சவ்வின் கொழுப்பும் குளிரில் இறுகாத வகையில் மாற்றம் பெறுகிறது. உறைபனி வந்தால் பனிக்கட்டி கலங்களுக்கு இடையிலுள்ள வெளியிலேயே முதலில் தோன்றுகிறது. அது கலங்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. கலம் சுருங்குகிறது, உள்ளேயுள்ள கரைசல் செறிவடைந்து உறையாமல் தப்புகிறது. ஆயத்தமில்லாத கலம் இந்த வரட்சியிலேயே செத்துவிடும்.

இந்த ஆயத்தத்துக்குப் பல வாரங்கள் வேண்டும். அதை இழப்பதற்கோ வெதுவெதுப்பான சில நாட்கள் போதும். இதனால் ஆயத்தத்துக்கு முன் திடீரென வரும் உறைபனியும், தளிர்த்தபின் பிந்தி வரும் உறைபனியுமே பெரும்பாலும் சேதம் விளைவிக்கின்றன. எத்தனை பாகை என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்.

எமது முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இந்த ஆயத்தம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். மெல்பேர்ணில் அது ஐந்து மணித்தியாலத்துக்கும் மேல். பகல் குறுகுவதைக் கொண்டு குளிரை முன்னுணர வேண்டிய தேவை அங்கு ஏற்படவில்லை. வெப்பவலயத் தாவரங்கள் பலவற்றின் மென்சவ்வுகள் பத்துப் பாகை அளவிலேயே, உறைநிலைக்கு வெகு முன்னரே, பழுதடைகின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வாழைப்பழம் கறுப்பதும் இதே விதமான காயம்தான்.

பீச் மரத்தின் இடர் இதற்கு நேரெதிரானது. அதன் அரும்புகள் நன்றாக விரிவதற்கு முதலில் நீண்ட குளிர் வேண்டும். பிறகு பகல் நீளவும் வேண்டும். இடையில் ஒரு வாரம் வெயில் எறித்தால் அது ஏமாந்துவிடுவதில்லை. வேறு பல மரங்களைவிட இவ்விரு விடயங்களிலும் பீச் கண்டிப்பானது. வட அரைக்கோளத்திலிருந்து வந்த மரம் ஊர் நாட்காட்டியைச் சுமந்துகொண்டிருப்பதில்லை; இங்குள்ள பகலைப் பார்த்து இங்குள்ள வசந்தத்தில் துளிர்க்கிறது. ஆனால் எவ்வளவு குளிர் வேண்டும் என்ற அளவை மட்டும் அது கைவிடுவதில்லை. மெல்பேர்ண், சிட்னிக் குளிர்காலம் அந்த அளவை எட்டாதபோது அரும்புகள் பிந்தியும் ஒழுங்கின்றியும் விரிகின்றன.

மற்றது கோடை. வலய எண் குளிர்காலத்தை மட்டுமே அளக்கிறது. அமெரிக்க அளவுகோலில் 9ஆம் வலயமாகும் லண்டனில் பீச் செழிக்கிறதென்றால், காரணம் அங்குள்ள மிதமான கோடை. இங்கு 2009 பெப்ரவரி 7இல் மெல்பேர்ணில் 46.4 பாகையும், 2020 ஜனவரி 4இல் சிட்னியின் மேற்கே பென்றித்தில் 48.9 பாகையும் பதிவாயின. ஆழமற்ற வேரும் மெல்லிய இலையும் கொண்ட பீச், வரண்ட வடகாற்றில் இலை ஓரம் கருகி நிற்கும். குளிரைப் பழிசொல்லிப் பயனில்லை.

நட விரும்புவோர் மேட்டுநிலத்தில், பிற்பகல் வெயிலும் வடகாற்றும் படாத இடத்தில் நடவேண்டும். கோடை முழுவதும் நீர் வேண்டும். இலையுதிர்காலத்தில் நைதரசன் பசளை இடுவது கூடாது. ஓய்வெடுக்க வேண்டிய மரத்தை அது தளிர்க்கத் தூண்டும். உறைபனி கடுமையான இடங்களில் தொட்டியில் நீண்டகாலம் வைத்திருப்பதும் நல்லதல்ல. வேருக்குக் கிளையளவு தாங்குதிறன் கிடையாது. அதைக் காப்பது நிலத்து மண்தான்.

மனிதர் மரங்களல்லர், தாவரவியலிலிருந்து அரசியலுக்கு நேர்ப்பாதையும் கிடையாது. ஆனால் மரத்தை உருவகமாக்குவோமாயின் அதன் இயல்பை அறிந்தே ஆக்கவேண்டும். "வந்த நாட்டுக்கு உடனே பழகிக்கொள்" என்பவர்களுக்கு, பழகுதல் படிப்படியாக நிகழ்வது என்கிறது மரம். "குளிர் எம்மைக் கொன்றது" என்போருக்கு, ஆயத்தத்துக்கு இடம் தராத திடீர் மாற்றமே கொன்றது என்கிறது. 2012க்குப் பின் படகில் வந்து, பத்தாண்டுக்கு மேலாக இணைப்பு விசாவில் தவணை தவணையாகக் காத்திருக்க நேர்ந்த எம்மவரை எண்ணிப்பார்த்தால், உறைபனியைவிட நம்பமுடியாத பருவம் கொடியது என்பது விளங்கும். எமது கவிதைகளில் அந்தப் பருவம் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் எழுதலாம்.